கண்ணைக் கட்டிய பின் பேச்சு என்னவாகிறது? குழு விளையாட்டுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இளைஞர் கழகங்களுக்கும் பாடசாலை மாணவர்களுக்கும் சில ஆண்டுகளாகக் குழு விளையாட்டுகள் நடத்தி வருகிறேன். கண்ணைக் கட்டிக்கொண்டோ, வாய் திறக்காமலோ, காதை மூடிக்கொண்டோ ஒரு வேலையைக் குழுவாகச் செய்து முடிக்கும் விளையாட்டுகள் அவை. பெற்றோரும் ஆசிரியர்களும் விளையாட வந்த பிள்ளைகளும் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு வந்ததால், அவற்றைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே தந்திருக்கிறேன்.

1. இது கண்ணாமூச்சிதானே சேர்? வளர்ந்த பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது?

கண்ணாமூச்சியில் கண் கட்டப்பட்டவர் ஒருவர். மற்றவர்கள் எல்லோரும் அவரிடம் அகப்படாமல் ஓடுகிறார்கள். இங்கே எல்லோரும் ஒரே பக்கம். குழுவுக்கு ஒரு வேலை கொடுக்கப்படும். அதைச் செய்ய வேண்டியவருக்குப் பார்வை மறைக்கப்பட்டிருக்கும். பார்க்கிறவருக்கோ தொட அனுமதி இருக்காது. பேச்சைத் தவிர இருவருக்கும் வேறு வழி இல்லை. சில விளையாட்டுகளில் அந்தப் பேச்சும் எடுக்கப்பட்டு, சைகையோ தட்டும் ஓசையோ மட்டும் மிஞ்சும்.

அன்றாடப் பேச்சில் நிறைய வேலையைக் கண்ணும் விரலுமே செய்துவிடுகின்றன. "அதை எடுத்து இதிலே வை" என்று அம்மா சொன்னால் பிள்ளை சரியாகச் செய்கிறது; அம்மாவின் பார்வை எங்கே போகிறது என்பதைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. கண்ணைக் கட்டிவிட்டு அதே வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். "அதை" என்பதிலும் "இதிலே" என்பதிலும் ஒன்றுமே இல்லாமல் போய்விடும். நாம் எதைச் சொல்கிறோம், எதைச் சொல்லாமலே சொன்னதாக நினைத்துக்கொள்கிறோம் என்பதை வளர்ந்தவர்களுக்குக் காட்ட இதைவிட எளிய வழியை நான் கண்டதில்லை.

2. சித்திரை வருடப் பிறப்புக்கு முட்டி உடைக்கிறோம், யானைக்குக் கண் வைக்கிறோம். அதுவும் இதுவும் ஒன்றுதானே?

அடிப்படை ஒன்றுதான், நோக்கம் வேறு. கண்ணைக் கட்டிக்கொண்டு தொங்கும் மண்முட்டியைப் பொல்லால் உடைக்கும்போது சுற்றி நிற்பவர்கள் "இடப் பக்கம்", "வலப் பக்கம்", "இன்னும் முன்னால" என்று ஆளுக்கொன்றாகக் கத்துவதும், பொல்லைப் பிடித்தவர் தடுமாறுவதும்தான் வேடிக்கை. அந்தக் குழப்பம் இல்லாவிட்டால் விளையாட்டே இல்லை. நான் சொல்லும் விளையாட்டில் அதே குழப்பம்தான் தொடக்கம். அதிலிருந்து குழு எப்படி வெளியே வருகிறது என்பதே பார்க்க வேண்டியது.

பலர் ஒரே நேரத்தில் பேசும்போது கேட்பவருக்கு என்ன நடக்கிறது என்பதைக் கொலின் செரி என்ற ஆய்வாளர் 1953இல் சோதித்தார். ஒரு காதில் ஒரு பேச்சும் மறு காதில் வேறொரு பேச்சும் ஒலிக்க, ஒன்றை மட்டும் கவனித்துத் திருப்பிச் சொல்லும்படி அவர் கேட்டபோது, கவனிக்காத பக்கத்தில் என்ன பேசப்பட்டது என்பதைப் பங்கேற்றவர்களால் ஏறக்குறைய சொல்லவே முடியவில்லை. முட்டி உடைக்கப் போனவருக்குப் பத்துக் குரல்கள் கேட்கின்றன. பயன்படுவது ஒரு குரல்தான். அது எந்தக் குரல் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யும் குழு வேறு விதமாக விளையாடுகிறது.

3. கண்ணைக் கட்டியதும் காது கூர்மையாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பத்து நிமிடத்தில் காது மாறிவிடாது. கவனம்தான் அந்தப் பக்கம் திரும்புகிறது. ஓசை வரும் திசையை நாம் அறிவது பெரும்பாலும் அது ஒரு காதுக்கு முந்தியும் மறு காதுக்குப் பிந்தியும் வந்து சேர்வதால்தான். அந்த இடைவெளி ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நேர் முன்னாலிருந்தும் நேர் பின்னாலிருந்தும் வரும் ஓசைக்கு அந்த இடைவெளியே இல்லாததால், கண் கட்டியவர்கள் முன்னையும் பின்னையும் மாற்றிக்கொள்வது மிகச் சாதாரணம். "அசையாமல் நின்று தலையை மட்டும் திருப்பிக் கேள்" என்று சொல்லிக் கொடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். நீட்டி இழுக்கும் "ஊ" என்ற ஒலியைவிடக் கைதட்டல், இரண்டு சிரட்டைகளை மோதுவது போன்ற குறுகிய ஓசைகளின் திசை எளிதில் பிடிபடும்.

நடை இன்னும் மோசம். ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணைக் கட்டிக்கொண்டு நேராக நடக்க முயன்றவர்கள் வட்டமடித்தார்கள். சில வட்டங்களின் விட்டம் 20 மீற்றருக்கும் குறைவு. சூரியன் தெரியாத நாளில் காட்டுக்குள் நடந்தவர்களும் அப்படியே சுற்றினார்கள். சூரியன் தெரிந்தபோது நேராகப் போனார்கள். பனி மூடிய காலையில் பழகிய குறுக்குப் பாதையிலேயே சுற்றிச் சுற்றி வந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. கண் கட்டிய பிள்ளை கோணலாகப் போவதைப் பார்த்து "கவனமில்லை" என்று கண்டிக்க வேண்டாம்.

4. நான் தெளிவாகத்தான் சொன்னேன், அவள்தான் தப்பாகப் போனாள். பிழை யாருடையது?

இந்தக் கேள்வியை ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் கோபத்தோடு கேட்கிறார். இதற்கு நான் பதில் சொல்வதைவிட ஒரு சிறு சோதனையை அங்கேயே செய்து காட்டுவதுதான் வழக்கம். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனத்தில் பாடிக்கொண்டு, அதன் தாளத்தை மட்டும் மேசையில் தட்டச் சொல்வேன். எதிரே இருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 1990இல் எலிசபெத் நியூட்டன் இதைச் செய்தார். பாதிப் பாட்டுகளாவது கண்டுபிடிக்கப்படும் என்று தட்டியவர்கள் எதிர்பார்த்தார்கள். தட்டப்பட்ட 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை 3.

தட்டுகிறவரின் தலைக்குள் இசை முழுதாக ஒலிக்கிறது. எதிரே இருப்பவருக்குக் கேட்பது வெறும் டொக், டொக். வழி சொல்கிறவரின் நிலையும் இதுதான். அவர் கண்ணுக்கு முன்னால் கல்லும் கயிறும் கூடையும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டே சொல்வதால் தன் சொல் முழுமையானது என்று தோன்றுகிறது. கேட்பவளுக்குக் கிடைத்தது சொல் மட்டும். ஆகவே யாருடைய பிழை என்று தேடுவதை விட்டு, "அவளுக்கு என்ன கேட்டது?" என்று அவளிடமே கேளுங்கள்.

5. அப்படியென்றால் எந்தச் சொல்லில் வழி சொல்வது? இடது, வலது போதாதா?

இடதும் வலதும் நல்ல சொற்கள்தான், ஆனால் யாருடைய இடது என்ற கேள்வி எப்போதும் கூடவே வரும். எதிரே நின்று வழி சொல்பவரின் வலது, கேட்பவரின் இடது. நம் வீடுகளில் சொல்வது போலச் "சோத்தாங்கை பக்கம்" என்றால் சின்னப் பிள்ளைகள் உடனே புரிந்துகொள்கிறார்கள். சாப்பிடும் கை அவரவர் உடம்போடு ஒட்டியது என்பதால் எதிரே நிற்பவரின் கையோடு குழம்புவதில்லை. "இங்கே", "அங்கே", "இந்தப் பக்கம்", "கொஞ்சம்" ஆகிய நான்கையும் நான் முதல் சுற்றிலேயே தடைசெய்துவிடுவேன். "கொஞ்சம் தள்ளு" என்றால் ஒருவர் நான்கு விரற்கடை தள்ளுவார், இன்னொருவர் நான்கு அடி தள்ளுவார். அடி, சாண், முழம் என்று அளவோடு சொல்லத் தொடங்கியதும் சத்தம் குறைவதைக் கேட்கலாம்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. ஒருமுறை கொழுந்து மடுவத்துக்குப் பின்னால் இருந்த சிறு சரிவில், கண் கட்டிய ஒரு தம்பியை ஒரு வாளியிடம் கொண்டுபோகும் விளையாட்டு நடந்தது. வழி சொன்ன அக்கா இடது வலதில் மூன்று முறை தவறிய பிறகு, "மேட்டுப் பக்கம் ரெண்டு அடி வை, இப்ப பள்ளத்துப் பக்கம் ஒரு அடி" என்று மாற்றினார். அந்தத் தம்பி அதற்குப் பிறகு ஒருமுறைகூடத் தயங்கவில்லை. அவர் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் மேடு மேடுதான், பள்ளம் பள்ளம்தான். அதைச் சொல்லக் கண் வேண்டாம், பாதமே சொல்லிவிடும். மேற்கு, கிழக்கு என்ற நம் திசைச் சொற்களே மேல், கீழ் என்பவற்றிலிருந்து வந்தவை என்பதை அன்று நான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். நிலத்தின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் பார்த்துத் திசைக்குப் பெயர் வைத்த மொழி நம்முடையது.

மணி வைத்த பந்தை உருட்டி ஆடும், பார்வையற்றோருக்கான கோல்போல் விளையாட்டிலும் இதே அறிவு வேலை செய்கிறது. அதன் களத்தில் கோடுகளுக்கு அடியில் கயிறு ஓடுகிறது. வீரர்கள் கையாலும் காலாலும் கோட்டைத் தொட்டுணர்ந்து தாங்கள் நிற்கும் இடத்தை அறிகிறார்கள். வழி சொல்பவர் முதலில் தேட வேண்டியது கேட்பவரின் உடம்புக்கு ஏற்கெனவே தெரிந்த ஏதாவது ஒன்றை.

6. சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைக்கிறீர்களே, நேரம் வீணாகாதா?

முதல் சுற்றில் வீணாவது போலத் தெரியும். "மூன்று அடி முன்னால்" என்று ஒருவர் சொல்ல, "மூன்று அடி முன்னால் வைக்கிறேன்" என்று மற்றவர் சொல்லிவிட்டு வைப்பது, தவறாக வைத்த மூன்று அடியைத் திருத்துவதைவிட எப்போதும் விரைவானது.

விமானிகள் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் உத்தரவைத் திருப்பிச் சொல்வது கட்டாயம். அதில் வெறும் "ஓகே" எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 1977 மார்ச் 27ஆம் திகதி தெனெரீஃப் தீவில் நடந்த விபத்து சாட்சி. பனிமூட்டம் மூடிய ஓடுபாதையில் இரண்டு பெரிய விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ஒரு விமானி தாங்கள் புறப்படும் நிலையில் இருப்பதாகத் தெளிவில்லாத சொற்களில் சொல்ல, கோபுரம் "ஓகே" என்று தொடங்கியது. அதன் பிறகு கோபுரம் சொன்ன "காத்திருங்கள்" என்பதும், இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று மற்ற விமானம் சொன்னதும் ஒரே நேரத்தில் வானொலியில் விழுந்ததால், கேட்டது பெரும்பாலும் கிறீச்சொலிதான். கண் தெரியாத மூட்டத்தில் இருவர் ஒன்றாகப் பேசினால் இருவர் பேச்சும் அழிந்துவிடும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்திக்கொள்வேன். அது விளையாட்டுக் கதை இல்லை.

7. எல்லோரும் உதவி செய்யத்தானே கத்துகிறோம்? ஒருவர் மட்டும் பேச வேண்டும் என்பது சரியா?

உதவும் எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இரைச்சல் கூடக்கூட மனிதர் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார் என்பதை லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இலேயே எழுதிவிட்டார். ஒருவர் கத்தினால் அடுத்தவர் அதற்கு மேல் கத்துவார். மூன்றாமவரின் தாழ்ந்த குரல் யாருக்கும் எட்டாது. பெரும்பாலும் அந்தத் தாழ்ந்த குரலிடம்தான் தேவையான செய்தி இருக்கிறது.

கோயில் முற்றத்தில் எட்டுப் பேருக்குக் கண்ணைக் கட்டி, நுனிகளை முடிந்த ஒரு கயிற்றைக் கொடுத்துச் சதுரமாக்கச் சொல்லியிருந்தேன். உயரமான அண்ணன் ஒருவர் "எல்லாரும் என் பக்கம் வாங்க" என்று விடாமல் கத்திக்கொண்டிருந்தார். இன்னொரு மூலையில் பத்தொன்பது வயதுத் தங்கச்சி ஒருத்தி, முடிச்சைப் பிடித்துக்கொண்டு கயிற்றைத் தன் கைக்குள் இழுத்து இழுத்து முழம் போட்டுக்கொண்டிருந்தாள். "யாரு கயித்த இழுக்குறது?" என்று இரண்டு பேர் அதட்டினார்கள். முடிச்சு மறுபடி கைக்கு வந்ததும், "முப்பத்திரண்டு மொழம் இருக்கு" என்று சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள், அதுவும் போயிற்று. அண்ணன் இருமுவதற்காக நிறுத்திய நொடியில், "ஒரு பக்கத்துக்கு எட்டு மொழம்" என்று முடித்தாள். முற்றம் அமைதியானது. இருபது நிமிடமாக முடியாதிருந்த வேலை அதற்குப் பிறகு ஐந்து நிமிடத்தில் ஆயிற்று.

ஒருவர் மட்டும் பேசுவது சட்டமாக இருக்கத் தேவையில்லை. ஒரு நேரத்தில் ஒருவர் என்பதே தேவை. கோல்போல் ஆட்டத்தில் பந்து உருளும்போது அரங்கில் இருப்பவர்கள்கூட வாய் திறக்கக் கூடாது, ஏனென்றால் பந்துக்குள் இருக்கும் மணியோசைதான் வீரர்களுக்குக் கண். பார்வையற்றோர் உதைபந்தாட்டத்தில் பந்தை நோக்கி வருபவர் "வோய்" என்று குரல் கொடுத்தாக வேண்டும். ஸ்பானிய மொழியில் "வருகிறேன்" என்பது போன்ற சொல் அது. எப்போது பேச வேண்டும், எப்போது பேசக் கூடாது என்ற இரண்டும் அங்கே விதியாகவே எழுதப்பட்டிருக்கின்றன.

8. வாய் பேசாமல் விளையாடும்போது எல்லோரும் சிரித்துக் கெடுத்துவிடுகிறார்கள். சைகையால் உண்மையிலேயே வேலை நடக்குமா?

நடக்கும், ஆனால் சைகைக்குப் பொருள் இன்னதென்று முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். பிறந்த மாதத்தையும் திகதியையும் வைத்துப் பேசாமல் வரிசையில் நிற்கச் சொன்னால், ஒருவர் விரலால் மாதத்தைக் காட்டுவார், இன்னொருவர் திகதியைக் காட்டுவார். இருவரும் ஒருவரையொருவர் முறைப்பார்கள். நான்காம் பதிலில் சொன்ன மேசைத் தட்டலின் கதைதான் இதுவும். நம் பெரியவர்கள் தூரத்துத் தப்போசையைக் கேட்டே அது சாவுக்கு அடிப்பதா, திருவிழாவுக்கு அடிப்பதா என்று சொல்லிவிடுவார்கள். தட்டுபவருக்கும் கேட்பவருக்கும் அந்த அடிகள் முன்பே பழகியவை. மேசையில் தட்டப்பட்ட பாட்டு அப்படியில்லை. ஆகவே தொடங்குமுன் இரண்டு நிமிடம் கொடுத்து, "நிறுத்து", "ஆம்", "இல்லை", "மறுபடி காட்டு" ஆகிய நான்குக்கு மட்டும் சைகை பேசி முடிவுசெய்யச் சொல்லுங்கள். சிரிப்பு தானாக அடங்கும்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். செவிப்புலனற்றோரின் சைகை மொழி இப்படி அவசரத்தில் கட்டிய குறிகளின் கூட்டமில்லை. இலக்கணமும் சொல்வளமும் உள்ள முழு மொழி. அமெரிக்காவில் கலோடெட் பல்கலைக்கழகத்தின் செவிப்புலனற்ற வீரர்கள் 1890களில் தங்கள் சைகைகளை எதிரணி படித்துவிடாதபடி வட்டமாகக் கூடி நின்று பேசினார்கள். இன்று அமெரிக்கக் கால்பந்தில் எல்லா அணிகளும் அப்படி வட்டமாகக் கூடுவதன் தொடக்கம் அதுவே என்று சொல்லப்படுகிறது.

9. காதுக்குப் பஞ்சு வைத்தால் போதுமா?

பஞ்சு சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது. சின்னப் பிள்ளைகள் அதை உள்ளே தள்ளிவிடும் அபாயமும் உண்டு. காதுக்குள் எதையும் வைக்க வேண்டாம். காதை வெளியே மூடும் காப்பு கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் ஓடை இரையும் இடத்தில் இரு கரைகளிலும் குழுவைப் பிரித்து நிறுத்துங்கள், அதுவே போதும். காதில் உரத்த பாட்டைப் போட்டு மறைப்பதை நான் செய்வதில்லை.

10. எங்கள் ஊரில் பாதி நாள் மழை. உள்ளே இருந்து விளையாட ஏதாவது உண்டா?

இருவரை முதுகோடு முதுகாக உட்கார வைத்து, ஒருவரிடம் ஒரு படத்தைக் கொடுத்து, மற்றவர் கேட்டு வரையச் செய்யுங்கள். முதல் முறை வரைபவர் கேள்வி கேட்கக் கூடாது. இரண்டாம் முறை கேட்கலாம். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்தால் விளக்கமே தேவைப்படாது.

பணம் வைக்காமல் ஆடினால் 304 சீட்டாட்டமும் இதே இனம்தான். நான்கு இனச் சீட்டுகளின் புள்ளிகளையும் கூட்டினால் 304 வரும். எதிரே அமர்ந்திருக்கும் கூட்டாளியின் கையில் என்ன இருக்கிறது என்று கேட்க முடியாது; கேள்வி எனப்படும் ஏலத்தில் அவர் எந்த எண்வரை ஏறினார், முதலில் எதை இறக்கினார் என்பதிலிருந்து ஊகிக்க வேண்டும். 2013இல் ஜெர்மனியின் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதைப் பெற்ற ஹனாபி என்ற சீட்டாட்டத்தில் இது தலைகீழாகிறது. அதில் நம் சீட்டு மற்ற எல்லோருக்கும் தெரியும், நமக்கு மட்டும் தெரியாது. குறிப்புச் சொல்லும் வாய்ப்பும் எண்ணிக்கையில் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். சொல்ல வாய்ப்புக் குறைவென்றால் எதைச் சொல்வது என்று மனிதர் யோசிக்கத் தொடங்குகிறார்.

11. தோட்டத்தில் தட்டையான இடமே இல்லை. எங்கே விளையாடுவது?

மென்மையான சரிவு நல்லது என்று ஐந்தாம் பதிலில் சொன்னேன். அதைச் செங்குத்தான மலைக்குப் பொருத்திக்கொள்ள வேண்டாம். தேயிலைக்குள் கண்ணைக் கட்டி யாரையும் விடாதீர்கள். கவ்வாத்து வெட்டிய மலையில் கிளைகளின் வெட்டுவாய் ஈட்டி போல நிற்கும். வடிகான்கள் புல் மூடிக் கண் தெரிபவருக்கே புலப்படாது. கோயில் முற்றம், பாடசாலை மைதானம், சனசமூக நிலைய மண்டபம் ஆகியவை போதும். மழைக்குப் பின் சிமெந்துத் தரை வழுக்குமா என்று முதலில் நீங்களே நடந்து பாருங்கள். கண் கட்டிய ஐந்து பேருக்குக் கண் திறந்த ஒருவர் காவலாக இருக்கட்டும். அவர் விளையாட்டில் சேரக் கூடாது. ஓட்டம் கூடாது. "நில்" என்ற சொல் கேட்டதும் எல்லோரும் கல்லாக நிற்க வேண்டும் என்பதை முதலில் பழக்குங்கள்.

கண் கட்டும் துணி ஆளுக்கொன்று. ஒரே துணியை மாற்றி மாற்றிக் கட்டினால் கண்நோய் பரவும்.

12. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடும்போது கையைப் பிடித்து இழுப்பது சரியில்லையே?

பெற்றோரின் இந்தக் கவலை நியாயமானது. இழுப்பது யாராக இருந்தாலும் சரியில்லை. பார்வையற்றவருக்கு வழிகாட்டும் முறையில், வழிகாட்டுபவர் அவரைப் பிடிப்பதில்லை; அவரே வழிகாட்டுபவரின் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் நடக்கிறார். பிடிப்பதும் விடுவதும் அவர் விருப்பம். தொடாமல் நடத்த வேண்டுமென்றால் இருவரும் ஒரு துண்டின் இரு நுனிகளைப் பிடித்தால் போதும். யாரையும் சொல்லாமல் தொடுவதில்லை என்ற விதியை எல்லாக் குழுக்களுக்கும் நான் வைத்திருக்கிறேன்.

13. ஒரு பிள்ளை பயந்து அழுதுவிட்டால்?

துணியைக் கழற்றும் உரிமை எப்போதும் அந்தப் பிள்ளையிடமே இருக்க வேண்டும். காரணம் கேட்க வேண்டியதில்லை. கட்டுவதற்குப் பதில் கண்ணை மூடிக்கொண்டு விளையாடவும் விடலாம். மண்சரிவும் வெள்ளமும் கண்ட இடங்களில் இருள் என்றாலே நடுங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நேரம் பார்ப்பவர், காவல் நிற்பவர் போன்ற மெய்யான வேலையைக் கொடுங்கள்.

14. இதை விளையாடினால் கண் தெரியாதவர்களின் கஷ்டம் பிள்ளைகளுக்குப் புரியும் அல்லவா?

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டிய கேள்வி இதுதான். என் பதில்: புரியாது, தவறாகப் புரிய வாய்ப்பு அதிகம். கண்ணைக் கட்டிய முதல் பத்து நிமிடத்தில் ஒருவர் அறிவது, பழக்கமில்லாமல் திடீரெனப் பார்வை மறைந்தால் வரும் தடுமாற்றத்தை. பார்வையற்றவர் அந்தப் பத்து நிமிடத்தில் வாழ்வதில்லை. அவர் கோலைப் பழகியிருக்கிறார், பாதையைப் பழகியிருக்கிறார், படிக்கவும் சமைக்கவும் உழைக்கவும் முறைகளைக் கற்றிருக்கிறார். நம் பிள்ளைக்கு இவற்றில் ஒன்றும் கிடைக்காமல் இருள் மட்டும் கிடைக்கிறது.

தானும் பார்வையற்றவரான உளவியல் ஆய்வாளர் ஏரியல் சில்வர்மன், இருவருடன் சேர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தார். கண் கட்டி நடித்துப் பார்த்தவர்கள், அப்படிச் செய்யாதவர்களைவிட, பார்வையற்றோர் வேலை செய்யவும் தனியாக வாழவும் திறன் குறைந்தவர்கள் என்று மதிப்பிட்டார்கள். 2017இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், இத்தகைய பாவனைப் பயிற்சிக்குப் பின் இரக்கம் கூடியது. கூடவே பயமும் கையறு நிலை உணர்வும் கூடின. மாற்றுத்திறனாளிகளோடு பழகும் விருப்பம் வளரவில்லை. நல்லெண்ணத்தோடு நடத்திய விளையாட்டு "ஐயோ பாவம்" என்ற முடிவில் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டால், நாம் கெடுதல் செய்திருக்கிறோம்.

ஆகவே தொடங்கும்போதே நான் தெளிவாகச் சொல்லிவிடுவேன்: "இன்று கண்ணைக் கட்டுவது நம் பேச்சைப் பார்ப்பதற்கு, பார்வையற்றவரின் வாழ்க்கையைப் பார்ப்பதற்கு இல்லை." அதை அறிய வேண்டுமானால் அவரை அழைத்துக் கேட்க வேண்டும். ஜெர்மனியில் 1988இல் தொடங்கிய 'இருளில் உரையாடல்' என்ற கண்காட்சி பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. அங்கே முழு இருட்டில் வருபவர்களை அழைத்துச் செல்வோர் பார்வையற்றவர்கள். தடுமாறுபவர் பார்வையாளர், தேர்ந்தவர் வழிகாட்டி. நம் விளையாட்டில் இல்லாதது அந்தத் தேர்ந்தவர்தான்.

15. எங்கள் குழுவிலேயே பார்வை குறைந்த தம்பி ஒருவர் இருக்கிறார். அவர் மனம் புண்படுமோ?

அவரிடம் முன்னாலேயே, தனியாகக் கேளுங்கள். நான் பார்த்தவரை, இப்படிக் கேட்கப்பட்டவர்கள் விளையாட்டைத் திருத்தித் தந்திருக்கிறார்கள். கைத்தாளத்தைவிடச் சிரட்டை ஓசை நல்லது என்று எனக்குச் சொன்னவர் அப்படிப்பட்ட ஒரு தம்பிதான். அவர் குழுவுக்கு "உதாரணமாக" எழுந்து நிற்க வேண்டியதில்லை. விளையாடுபவராகவோ நடுவராகவோ, அவர் விரும்பியபடி இருக்கட்டும்.

எல்லோரும் சமமாகத் தொடங்க வேண்டுமென்றால் கோல்போலைப் பாருங்கள். போரில் பார்வை இழந்தவர்களின் மறுவாழ்வுக்காக 1946இல் உருவான அந்த விளையாட்டில், ஓரளவு பார்வை உள்ளவரும் கண்ணை முழுக்க மறைத்தே ஆட வேண்டும். அணிக்கு மூவர், களம் 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம், பந்து 1.25 கிலோகிராம். பார்வையற்றோர் கிரிக்கெட்டும் நம் நாட்டில் விளையாடப்படுகிறது. அதன் முதல் உலகக் கிண்ணம் 1998இல் புதுடில்லியில் நடந்தது. பந்துவீசுபவர், துடுப்பாடுபவர் தயாரா என்று கேட்டு, பதில் வந்த பிறகே கிலுகிலுக்கும் பந்தைத் தரையோடு உருட்டி வீசுகிறார். ஆறாம் பதிலில் சொன்ன திருப்பிச் சொல்லும் பழக்கம் அங்கே ஒவ்வொரு பந்துக்கும் நடக்கிறது.

16. முடிந்ததும் கேட்டால் "நல்லா இருந்திச்சு சேர்" என்பதோடு நின்றுவிடுகிறார்கள். என்ன கேட்பது?

"எப்படி இருந்தது" என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். நடந்ததைக் கேளுங்கள். உனக்குத் தெரிந்தும் சொல்லாமல் விட்டது என்ன? நீ சொல்லியும் கேட்கப்படாதது என்ன? எந்த நொடியில் யாருடைய குரலை நம்பத் தொடங்கினாய்? கண் கட்டியவரிடம் முதலில் கேளுங்கள், பார்த்துக்கொண்டிருந்தவரிடம் பிறகு. பார்த்தவர் முதலில் பேசினால் அவர் கண்டதே நடந்ததாகிவிடும். கத்திய பிள்ளையை எல்லோர் முன்னும் குற்றம் சொல்ல விடாதீர்கள். முழம் போட்ட தங்கச்சியின் குழுவில் அந்த அண்ணனே, "எனக்கு அது கேக்கவே இல்ல" என்று வியந்து சொன்னார். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

17. ஒரு தடவை விளையாடினால் போதுமா?

போதாது. முதல் முறை எல்லோரும் புலன் மறைந்த பதற்றத்தில் இருப்பார்கள்; குழுவைப் பற்றி எதையும் கவனிக்க முடியாது. அதே விளையாட்டை அதே நாளில் இரண்டாம் முறையும், ஓரிரு வாரம் கழித்து வேறு புலனை மறைத்து மூன்றாம் முறையும் நடத்துங்கள். நேரத்தைக் குறித்து வையுங்கள், ஆனால் மற்றக் குழுவின் நேரத்தோடு ஒப்பிட வேண்டாம்.

கயிற்றுக் குழு மூன்று வாரம் கழித்து வந்தபோது நான் சதுரத்துக்குப் பதில் முக்கோணம் கேட்டேன், கயிற்றையும் மாற்றியிருந்தேன். கண்களைக் கட்டி முடித்ததும் அரை நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த அண்ணனின் குரல் கேட்டது: "தங்கச்சி, மொதல்ல நீ அளந்து சொல்லு, நாங்க பிடிச்சிருக்கோம்."